நம் நாடகம் நம் சந்தாவில்

(ஜெலாப்பாங்கில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில், நாடகக் குழு நடத்துவது பற்றித் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நாடகக் குழுவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். பத்து நிமிடத்தில் முடிப்பேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. விஷயம் அப்படிப்பட்டது.

நம் வாலிபர்கள் போடவிருக்கும் நாடகத்தின் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வதாக ஒரு கனவான் முன்வந்திருக்கிறார். மேடை, விளக்கு, ஒலிபெருக்கி, உடுப்பு, சாப்பாடு எல்லாம் அவர் கணக்கு. பதிலுக்கு அவர் கேட்பவை இரண்டு. திரைக்கு மேலே அவர் பெயர் இருக்க வேண்டும். நாடகத்தில் குத்தகைக்காரன் சம்பளச் சீட்டில் கை வைக்கும் காட்சி இருக்கக் கூடாது. “ஒரு காட்சிதானே, எடுத்துவிட்டால் குடி முழுகிப் போகுமா?” என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். “அந்தப் பணமே வேண்டாம்” என்கிறார்கள் சிலர். இன்றிரவு நாம் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால், கூலி வாங்காமல் நாடகம் ஆடியவர்கள் எப்படி நடத்தினார்கள், எங்கே உயர்ந்தார்கள், எங்கே தேய்ந்தார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

மனோகரா படத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. 1954-ல் சிவாஜி கணேசன் சங்கிலியை இழுத்துக்கொண்டு முழங்கிய வசனம் கலைஞர் கருணாநிதி எழுதியது. ஆனால் அந்தக் கதையை முதலில் நாடகமாக எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். சினிமா பிறப்பதற்கு முன்பு, சென்னையில், பகலெல்லாம் படிப்பும் உத்தியோகமும் பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்களுக்காக எழுதிய நாடகம் அது.

சம்பந்தம் 1873-ல் பிறந்தவர். இளமையில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காது. படித்தவர்கள் அன்றைக்குக் ‘கூத்தாடி’ என்ற சொல்லை வசையாகவே வைத்திருந்தார்கள். அப்பொழுது பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்ற வழக்கறிஞர் தம் சரச விநோதினி சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினார். வக்கீலும் உத்தியோகஸ்தரும் வேஷம் கட்டி மேடையில் நிற்பதைப் பார்த்த வாலிபர் சம்பந்தத்துக்குக் கண் திறந்தது. ‘இவர்கள் தெலுங்கில் செய்வதை நாம் ஏன் தமிழில் செய்யக் கூடாது?’ என்று நண்பர்களைச் சேர்த்தார். 1891 ஜூலை 1-ல் சுகுண விலாச சபை பிறந்தது. அவருக்கு அப்போது வயது பதினெட்டு.

நம் வாலிபர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சபை தொடங்கியது 1891-ல். அவர் எழுதிய முதல் நாடகமான புஷ்பவல்லி மேடையேறியது 1893-ல். நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம்! இங்கே நமக்குக் கதை கிடைத்த பதினைந்தாம் நாள் மேடை கட்டிவிட வேண்டும் என்று துடிப்பு. பாடம் மனத்தில் நிற்காமல் மேடையில் ஏறி, படுதாவுக்குப் பின்னால் நிற்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற கதாநாயகர்களை நாம் பார்த்திருக்கிறோம். பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சம்பந்தம் 1898-ல் வக்கீலானார், 1924-ல் நீதிபதியும் ஆனார். நாடகத்தை விடவில்லை. தாமே எழுதுவார், தாமே சொல்லிக் கொடுப்பார், தாமே நடிப்பார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்யன் ஆயிற்று, வெனிஸ் நகர வர்த்தகன் வாணீபுரத்து வணிகன் ஆயிற்று. அவர் எழுதிய சபாபதி நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் வயிறு குலுங்கச் சிரிக்கும் நாடகம். எஜமானுக்கும் பெயர் சபாபதி, வேலைக்காரனுக்கும் பெயர் சபாபதி. 1941-ல் அது படமாகவும் வந்தது. எழுதிய நாடகங்கள் எல்லாம் சேர்ந்தால் தொண்ணூறுக்கும் மேல். சபை நடந்த கதையை நாடக மேடை நினைவுகள் என்ற பெயரில் ஆறு பாகங்களாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1964-ல் மறைந்தார்.

அவர் செய்த வேலைகளில் நம் வாழ்க்கைக்கு நேராகப் பொருந்துவது ஒன்று உண்டு. அந்நாளில் நாடகம் என்றால் இரவு முழுதும். பாட்டுக்கு மேல் பாட்டு, சண்டை நடக்கும் இடத்திலும் பாட்டு, செத்து விழுந்தவனும் எழுந்து பாடுவான். அவர் வசனத்தைப் பெருக்கி, பாட்டைக் குறைத்து, சில மணி நேரத்தில் முடியும்படி நாடகத்தை அமைத்தார். காலையில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போக வேண்டியவர்கள் அல்லவா! பால்வெட்டுத் தொழிலாளிக்கு அதைவிட நெருக்கடி. விடியுமுன் பெரட்டில் நிற்க வேண்டும். பொழுது ஏறினால் பால் ஓட்டம் குறையும், நிரை முடியாது, பேரும் பாதிப் பேராகும். ஆகையால் நம் ஒத்திகை இரவு ஒன்பதரைக்கு மேல் நடக்கக் கூடாது. நாடகமும் இரண்டரை மணிக்கு மேல் போகக் கூடாது. விடிய விடிய ஆடுவதில் ஓர் அழகு உண்டு என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். உண்மைதான். அதைத் திருவிழாவுக்கு மறுநாள் லீவு இருக்கும்போது வைத்துக்கொள்வோம்.

சரி, சுகுண விலாச சபையைப் புகழ்ந்துகொண்டே போகலாமா? தொழிற்சங்கக்காரன் கண்ணோடு பார்த்தால் வேறு சிலவும் தெரிகின்றன. அங்கே கூடியவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், வசதி படைத்தவர்கள். சர் சி. பி. இராமசாமி ஐயரும் சத்தியமூர்த்தியும் அந்தச் சபையில் இருந்தவர்கள். பணத்துக்காக ஆடவில்லை என்று சொல்லிக்கொள்வது அவர்களுக்கு ஒரு கௌரவம். அதே காலத்தில் பணத்துக்காகவே ஆட வேண்டியிருந்த ஏழைகளும் இருந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் பால் மணம் மாறாத வயதில் அங்கேதான் சேர்ந்தார்கள். வீட்டை விட்டு வந்து, கம்பெனியில் தின்று, கம்பெனியில் உறங்கி, ஊர் ஊராகப் போன பிள்ளைகள். சுவாமிகள் 1922-ல் காலமாகும்வரை எழுதிக் கொடுத்த நாடகங்கள்தாம் பின்னாலும் பல கம்பெனிகளுக்குச் சோறு போட்டன. தமிழ் மேடையை வளர்த்தது வக்கீல்களின் சபை மட்டுமே என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சம்பளத்துக்கு ஆடியவன் உழைப்பாளி. அவனைத் தாழ்த்திப் பேசும் உரிமை இலவசமாக ஆடுகிறவனுக்குக் கிடையாது.

இதை ஏன் சொல்லுகிறேன்? போன கமிட்டியில் மிருதங்கக்காரருக்கும் விளக்கு கட்டுகிறவருக்கும் பணம் கொடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. “நாமெல்லாம் சும்மா ஆடுகிறோமே, அவர்களும் தொண்டாகச் செய்யட்டுமே” என்று ஒருவர் சொன்னார். நாம் தொண்டு செய்வது நம் விருப்பம். அந்த மிருதங்கக்காரருக்கு அதுதான் பிழைப்பு. அவர் கூலியை நாம் எடுத்து ‘தொண்டு’ என்று பெயர் வைத்தால், சம்பளச் சீட்டில் கை வைக்கும் குத்தகைக்காரனைக் கண்டிக்க நமக்கு என்ன வாய் இருக்கிறது? பேசிய கூலியை, நாடகம் முடிந்த அன்றிரவே, கையில் கொடுத்துவிட வேண்டும்.

சுகுண விலாச சபையின் பிற்காலக் கதையையும் கேளுங்கள். நாளாக நாளாகச் சபைக்கு அங்கத்தினர் கூடினார்கள். இடம் வந்தது, வசதி வந்தது. நாடகம் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய், பொழுதுபோக்குக் கிளப்பாக அது மாறிவிட்டது. யாரும் வந்து சபையை இழுத்து மூடவில்லை. பணமில்லாமலும் அழியவில்லை. எதற்காகக் கூடினோம் என்பது மாறிப் போயிற்று, அவ்வளவுதான்.

தொழிலாளர் நடுவே ஆடியவர்களின் கதை ஒன்று டில்லியில் இருக்கிறது. 1973-ல் தொடங்கிய ஜன நாட்டிய மஞ்ச் என்ற குழு அது. முதலில் மேடை போட்டுப் பெரிய நாடகங்கள் ஆடினார்கள். நெருக்கடி நிலை முடிந்த பிறகு, அவர்களை அழைத்து நாடகம் போடும் அளவுக்குச் சங்கங்களிடம் பணம் இல்லை. என்ன செய்தார்கள்? மேடை வேண்டாத, திரை வேண்டாத, விளக்கு வேண்டாத சின்ன நாடகம் செய்தார்கள். 1978-ல் ‘மெஷின்’ என்று ஒன்று. கால் மணி நேரம்கூட ஆகாது. தொழிலாளர்கள் சைக்கிள் நிறுத்த இடமும் தேநீர் குடிக்கக் கேண்டீனும் கேட்ட ஒரு தொழிற்சாலையில் துப்பாக்கி வெடித்து உயிர்கள் போயின. அதை வைத்து எழுதிய நாடகம். தொழிற்சாலை வாசலிலும் தெருமுனையிலும் ஆடினார்கள். செலவுக்குக் கூடியிருந்த சனங்களிடமே துணி விரித்தார்கள்.

1989 ஜனவரி முதல் தேதி, டில்லிக்குப் பக்கத்தில் ஜண்டாபூர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு கூட்டம் வந்து தாக்கியது. இராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். குழுவின் தலைவர்களில் ஒருவரான சஃப்தர் ஹஷ்மி மண்டையில் அடிபட்டு மறுநாள் இறந்தார். முப்பத்து நான்கு வயது. ஜனவரி 4-ந் தேதி அவர் மனைவி மாலயஸ்ரீ, குழுவோடு அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற அந்த நாடகத்தை முழுமையாக ஆடி முடித்துவிட்டு வந்தார். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். தோட்டத்தில் நாடகம் புதிதல்ல. கோயில் திருவிழாவில் அரிச்சந்திரனும் வள்ளி திருமணமும் ஆடிப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1952-ல் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தார். தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்திலிருந்து கிளைத்த மணிமன்றங்கள் ஊர்தோறும் பேச்சும் நாடகமும் வளர்த்தன. படித்தவன் ஒருவன் வசனத்தை வாசித்துக் காட்ட, எழுத்தறியாதவன் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்து ஆடிய காலம் அது. அந்த நாடகங்களில் கிராணி வேஷம் பெரும்பாலும் கோமாளி வேஷம், இல்லாவிட்டால் வில்லன் வேஷம். சிரியுங்கள், பரவாயில்லை. அந்த வேஷம் வந்த காரணம் பேர்ப் பதிவுப் புத்தகத்துக்குத் தெரியும்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. ஜெலாப்பாங்கைச் சுற்றிப் பாருங்கள், தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும். லயத்தில் ஒரு குரல் கொடுத்தால் ஐம்பது பேர் கூடிவிடுவார்கள். இன்றைக்கு ஒருவர் மெங்லம்புவில், ஒருவர் சிலிபினில், ஒருவர் இன்னும் மரத்தடியில். ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பதே பாதி நாடகம். அதனால்தான் குழுவை ஒழுங்காக நடத்த வேண்டும் என்கிறேன். சிதறிப் போனவர்கள் வாரத்தில் இரண்டு இரவு ஒரே கூரையின் கீழ் உட்கார இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

பெண்கள் நடிக்கலாமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. சுகுண விலாச சபையில் ஆண்களே பெண் வேஷம் கட்டினார்கள். ரங்கவடிவேலு என்பவர் கதாநாயகி வேஷத்தில் பெயர் பெற்றவர். ஆனால் அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு கம்பெனி நடத்தினார். அந்த நாடகத்தைப் பார்க்கத் தனி ரயிலே விட்டார்கள் என்றால் பாருங்கள். நூறு வருடத்துக்கு முந்திய விஷயம். ஆணுக்குச் சமமாக மரம் வெட்டிப் பால் தூக்கும் பெண்ணுக்கு மேடை ஏற நாம் அனுமதி கொடுப்பதா? என் யோசனை, ஒத்திகை நேரத்தை அவர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஆண்கள் உட்கார வேண்டும். முதல் முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இனிப் பணம். இருபது பேர், தலைக்கு மாதம் ஐந்து வெள்ளி என்றால் வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு வெள்ளி ஆகிறது. பளபளப்பான மேடைக்குப் போதாது. ஒரு திரைக்கும், நாலு விளக்குக்கும், மிருதங்கக்காரர் கூலிக்கும் போதும். சிறு தொகையைக் கேலி செய்யாதீர்கள். நம் பேராக்கில் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகத்தான் சேர்த்தார். மறு வருடம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். பம்மல் சம்பந்தத்திடம் ஒத்திகையையும் பேராக் சம்பந்தனிடம் சந்தாவையும் கற்றுக்கொண்டால் நமக்குப் போதும்.

அந்தக் கனவானை நான் குறை கூறவில்லை. அவர் பணம், அவர் நிபந்தனை. பெயர் போடுவதில்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. காட்சியை எடுக்கச் சொல்லுவதில்தான் ஆட்சேபம். அந்தக் காட்சியை எழுதியது நாற்பது வருடம் பால் வெட்டிய ஒரு தாயாரின் மகன். சீட்டில் இருபத்தாறு பேர் விழுந்திருக்க, இருபத்து மூன்றுக்குப் பணம் வாங்கிய ஒருத்தி விரல் விட்டு எண்ணிப் பார்க்கும் காட்சி. ஒத்திகையில் அந்த இடம் வந்தபோது சுவரோரம் உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் தாங்களும் விரல் மடக்கி எண்ணினார்கள். அதை எடுத்துவிட்டு மீதியை ஆடுவதற்கு நமக்கு ஒரு குழுவே வேண்டாம், டெலிவிஷன் போதும்.

ஆகவே தலைவர் அவர்களே, மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். நிபந்தனையோடு வரும் நன்கொடையைக் குழு ஏற்பதில்லை. சந்தா மாதம் ஐந்து வெள்ளி, வேலை இழந்தவருக்குச் சந்தா கிடையாது. வரவு செலவுப் புத்தகம் ஒவ்வொரு ஒத்திகையிலும் மேஜைமேல் திறந்திருக்கும், அதை எழுதுகிறவர் நடிகராக இருக்கக் கூடாது. புத்தகம் எழுதும் வேலையை நான் ஏற்கத் தயார். அதனால் எனக்கு வேஷம் கிடைக்காது, கிராணி வேஷத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். வழிமொழிகிறவர்கள் கையை உயர்த்துங்கள்.