அவள் பேரில் ஒரு கணக்கு



விடியற்காலையில் வானகரம் மீன் மார்க்கெட் பக்கம் போயிருக்கிறீர்களா? பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட லாரிகள் திரும்பும். அங்கே மீன் வெட்டிக் கொடுக்கிற ஓர் அம்மா என்னிடம் ஒரு புகார் சொன்னார். "அவசரத்துக்கு ஐந்நூறு கேட்டா குடுக்க மாட்டேன்றா டீச்சர். அவ காசாம் அது!" சொல்லும்போதே அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். மாதம் 1,000 ரூபாய், புதுமைப் பெண் திட்டத்தில் வருகிற பணம்.

இந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதாமாதம் பணம் வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களையும் பிறகு சேர்த்தார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது.

இதற்கு முன்னால் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் திருமண உதவித் திட்டம் இருந்தது, 1989 முதல். பின்னாளில் பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000, பட்டதாரிக்கு 50,000, தாலிக்கு 8 கிராம் தங்கம் என்று அது வளர்ந்தது. எத்தனையோ பெண்களைப் பத்தாவதுவரை படிக்க வைத்த திட்டம் அது. குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் கல்யாணத்தோடு வந்தது, கல்யாணத்தோடு போனது. அதே அம்மையார் பேரில் அதை உயர்கல்விக்கு மாற்றினார்கள் பாருங்கள், அங்கேதான் என் மனசு நிற்கிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்தப் பெண்மணியின் பெயர் இப்போது சேரவேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது.

முப்பது வருடம் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தினேன். பன்னிரண்டாவது பரீட்சை முடிந்த மே மாதம்தான் எனக்குப் பயம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். நன்றாகப் படித்த பிள்ளை, கழுத்தில் அடையாள அட்டையோடு அதில் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போவது தப்பில்லை, நேயர்களே. போகாமல் இருக்க வழியே இல்லை என்பதுதான் தப்பு. கல்லூரிக் கட்டணம் குறைவாக இருக்கலாம். சாதாரண டவுன் பஸ்ஸும் பெண்களுக்கு இலவசம். ஆனால் ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், பரீட்சைக் கட்டணம், மத்தியான டீ, ஷேர் ஆட்டோ எல்லாவற்றுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டும். நாலு தடவை கை நீட்டினால் ஐந்தாவது தடவை, "படிச்சது போதும்" என்ற பேச்சு வந்துவிடும்.

இதே சிக்கலை இங்கிலாந்தும் பார்த்தது. பதினாறு வயதில் படிப்பை விட்டுவிடாமல் இருக்க, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் 10 முதல் 30 பவுண்டுவரை கொடுத்தார்கள். 1999இல் சோதனை. சில ஊர்களில் பெற்றோர் கையில் கொடுத்தார்கள், சில ஊர்களில் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தார்கள். 2004இல் நாடு முழுக்க விரித்தபோது பிள்ளையின் கணக்கைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வகுப்புக்கு வந்தால்தான் பணம். ஆறே வருடம்; 2010இல் ஆட்சி மாறியதும், செலவைக் குறைக்கிறோம் என்று நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே வேல்ஸ் அதை நிறுத்தவில்லை. 2023இல் 40 பவுண்டாக உயர்த்தவும் செய்தது. நம் 1,000 ரூபாயும் உயர வேண்டும் என்று நான் கேட்பேன். எந்த ஆட்சி இருந்தாலும் கேட்பேன்.

அந்த மீன் மார்க்கெட் அம்மாவின் மகளுக்கு முதல் மூன்று மாதம் பணமே வரவில்லை. கல்லூரியில் கேட்டால், "போட்டாச்சு" என்றார்கள். கணக்கு வைத்திருந்த வங்கியில் கேட்டால், "வரலை" என்றார்கள். இரண்டு இடத்துக்கும் அவள் வகுப்பை விட்டுவிட்டு அலைந்தாள். ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டு வராண்டாவில் உட்கார்ந்து, அவளிடம் இருந்த காகிதங்களை எல்லாம் பரப்பினோம். கடைசியில் பிடிபட்டது: ஆறாம் வகுப்பில் உதவித்தொகைக்காக வேறொரு வங்கியில் அவளுக்கு ஒரு கணக்கு திறந்திருந்தார்கள். ஆதார் அந்தக் கணக்கோடுதான் சேர்ந்திருந்தது. அரசுப் பணம் ஆதாரைத் தேடிப் போகிறது. நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணை அல்ல. பாஸ்புக் டிரங்குப் பெட்டியில் பழைய புடவைக்கு அடியில் கிடந்தது. பதிவு போட்டுப் பார்த்தால் 3,000 ரூபாய்! பரீட்சைக் கட்டணம் கட்டினாள், கணக்குப் போட நல்ல கால்குலேட்டர் ஒன்று வாங்கினாள். மிச்சத்தை எடுக்கவில்லை. அந்த மிச்சத்தில்தான் அம்மாவுக்கு ஐந்நூறு கிடைக்காமல் போனது. அடுத்த செமஸ்டருக்காம்.

  

இப்போதைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். அயப்பாக்கமோ நொளம்பூரோ ஆவடியோ, உங்கள் தெருவில் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்த பெண் யாராவது இருப்பாள். இன்று சாயங்காலமே அவளிடம் கேளுங்கள்: "உன் ஆதார் எந்தக் கணக்கோட சேர்ந்திருக்கும்மா?" தெரியாது என்றால், வீட்டில் இருக்கிற பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள், டிரங்குப் பெட்டியில் இருப்பதையும் சேர்த்து.