கையிலிருந்த தலைப்பாகை: இந்திய ஒற்றுமையும் துயருற்றோர்பால் பரிவும்



இன்று எனக்குத் தரப்பெற்ற பொருள் இரண்டு சொற்களால் ஆனது. ஒன்று ஒற்றுமை, மற்றொன்று பரிவு. ஒற்றுமை அரசியலுக்கு உரியது, பரிவு அறத்திற்கு உரியது என்று இரண்டையும் பிரித்துப் பேசுவது உலக வழக்கு. இந்திய நாட்டின் வரலாற்றைச் சற்றே ஊன்றிக் கற்றால் இப்பிரிவு நிலைக்காது. கடைநிலையில் உழல்பவனின் துன்பத்தைத் தன் துன்பமாக ஏற்ற பொழுதெல்லாம் அந்நாடு ஒன்றுபட்டிருக்கிறது; அந்த உணர்ச்சி எந்த எல்லையில் நின்றதோ, அந்த எல்லையிலேயே ஒற்றுமையும் நின்றிருக்கிறது. இதுவே இன்று நான் கூற விழையும் கருத்து.

வள்ளுவப் பெருந்தகை அன்புடைமையை இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். தொடர்புடையாரிடத்துத் தோன்றுவது அன்பு; தொடர்பு கருதாமல் எல்லா உயிரிடத்தும் செல்வது அருள் என்பது உரையாசிரியர் கண்ட வேறுபாடு. ஒரு குடும்பம் வாழ அன்பு போதும். ஆனால், முகம் அறியாத, மொழி அறியாத கோடிக்கணக்கான மக்கள் ஒரு நாடாக வாழ வேண்டுமாயின் அன்பு போதாது, அருள் வேண்டும். துறவியின் பண்பென்று கருதப்பட்ட ஒன்று, நாட்டு வாழ்வில் குடிமகனின் பண்பாக மாற வேண்டியிருக்கிறது. இம்மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை ஓர் எளிய தமிழ்த் தொழிலாளியின் வரலாறு நமக்குக் காட்டும்.

ஆண்டு 1894. இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். காந்தியடிகள் அங்கு வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிச் சில திங்களே ஆகியிருந்தன. ஒருநாள் அவர்முன் ஒரு தமிழர் வந்து நின்றார். கந்தல் உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து குருதி ஒழுகுகிறது, உடல் நடுங்குகிறது, கண்ணீர் பெருகுகிறது. தலையில் இருக்க வேண்டிய தலைப்பாகை கையில் இருக்கிறது. அவர் பெயர் பாலசுந்தரம். ஓர் ஐரோப்பியரிடம் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்தவர். முதலாளியிடம் அடிபட்டு வந்திருந்தார். நம் முன்னோர் 'சஞ்சிக்கூலி' என்று வழங்கிய முறை அது. சாதாரண வேலையாள் சொல்லாமல் வேலையை விட்டால் உரிமை வழக்கு. ஒப்பந்தக் கூலி விட்டால் குற்ற வழக்கும் சிறையும். ஐந்தாண்டுக் காலம் அவர் உடல் பிறர்க்கு உரிமையாகிவிடுகிறது.

காந்தியடிகளுக்குத் தமிழ் தெரியாது. அவருடைய எழுத்தர் ஒரு தமிழர். அவர் வாயிலாகவே செய்தி முழுவதும் தெரிந்தது. அடிகள் பாலசுந்தரத்தை மருத்துவரிடம் அனுப்பிக் காயச் சான்று பெற்றார். நடுவர் மன்றத்திற்கு அழைத்துச் சென்றார். முடிவில் அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றிவிட்டார். முதலாளியைத் தண்டிக்க அவர் விரும்பவில்லை. அடிபட்டவர் விடுபட்டால் போதும் என்று கருதினார்.

ஆனால், இவற்றுக்கெல்லாம் முன்னர் அவர் செய்த ஒரு செயலே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்கிறது. வெள்ளையரைக் காணும்போது தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்த வேண்டும் என்பது கூலிகளிடம் திணிக்கப்பட்ட வழக்கம். அதே பணிவைத் தம்மிடமும் காட்டிய பாலசுந்தரத்தைப் பார்த்து, அதைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு அடிகள் கூறினார். பாலசுந்தரம் தயங்கினார்; ஆயினும் கட்டிக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியதாக அடிகள் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். இரக்கம் என்பது மேலிருந்து கீழே எறியப்படும் காசாகவும் இருக்கலாம். அது நிமிரச் செய்யாது. இங்கே உதவிக்கு முன்பாக மதிப்பு வழங்கப்பட்டது. மதிப்பை முதலில் தரும் பரிவே ஒற்றுமைக்கு வித்தாகும்.

அந்த ஆண்டில் தோன்றிய நேட்டால் இந்தியக் காங்கிரசில் வணிகரும் எழுத்தரும் இருந்தனர். ஒப்பந்தக் கூலிகள் இல்லை. சந்தா செலுத்தும் வசதி அவர்களுக்கு ஏது? இந்தியர் என்ற பெயரால் ஓர் அமைப்பு இருந்தும், இந்தியருள் மிகப் பலர் அதற்கு வெளியே நின்றனர். பாலசுந்தரத்தின் செய்தி தோட்டந்தோறும் பரவியபின் கூலிகள் அடிகளின் வாயிலை நாடி வந்தனர். 1896-இல் அவர் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் பேசியபோது, அந்த மக்கள் திரள் உணர்ச்சிப் பெருக்குற்றதற்குப் பாலசுந்தரம் நிகழ்ச்சியும் ஒரு காரணம். பெயர் தெரியாத ஒரு கூலியின் காயம் கடல் கடந்து ஒரு மாநகரின் காயமாயிற்று.

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஏறத்தாழ 152,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி செலுத்த வேண்டும் என்று 1895-இல் சட்டம் பிறந்தது. பின்னர் அவ்வரி வளர்ந்த பிள்ளைகளையும் பற்றியது. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் எனில் பன்னிரண்டு பவுன்; ஆடவரின் திங்கள் வருவாயோ பதினான்கு சில்லிங்குக்கு மேற்படாது.

இவ்வரியை எதிர்த்து 1913-இல் எழுந்த போராட்டத்தில் இந்திய ஒற்றுமையின் முதல் உருவத்தை நாம் காணலாம். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு எழுப்பினர், சிறையும் புகுந்தனர். நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் எல்லை கடந்து நடந்தனர். ஒருவர்க்கு ஒருநாள் உணவு ஒன்றரை இராத்தல் ரொட்டியும் சிறிது சருக்கரையும். வழியில் இரு தாய்மார் தம் குழந்தைகளை இழந்தும் நடையை நிறுத்தவில்லை. சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறு. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அப்பெண் தில்லையாடியைக் கண்ணால் கண்டதில்லை. அடிகளோ 1915-இல் அவ்வூரைத் தேடிச் சென்றார்.

அந்நாளில் இந்தியாவில் கோகலே ஊர்ஊராக நிதி திரட்டினார். அரசப் பிரதிநிதியான ஹார்டிஞ்சு பிரபுவே சென்னையில் போராட்டக்காரர்பால் வெளிப்படையாகப் பரிவு காட்டினார். 1914-இல் தலைவரி நீங்கியது. குசராத்தி முசுலிம் வணிகரும், பார்சி ருஸ்தம்ஜியும், தமிழ்க் கூலியும் ஒரே பந்தியில் நின்றது மொழியாலோ சமயத்தாலோ அன்று. அடிபட்டவன் நம்மவன் என்ற எண்ணத்தால்.

அவ்வெண்ணம் நேட்டாலோடு நிற்கவில்லை. 1912-இல் ஒப்பந்தக் கூலிமுறையையே ஒழிக்கக் கோரிக் கோகலே கொணர்ந்த தீர்மானம், மன்றத்தில் அரசாங்க உறுப்பினரின் பெரும்பான்மையால் வீழ்ந்தது. ஆண்ட்ரூசும் பியர்சனும் 1915-இல் பிஜித் தீவுக்குச் சென்று அங்குள்ள நிலையை நேரில் கண்டு உலகறியச் செய்தனர். நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்று கணக்கிட்டு அனுப்பிய அம்முறையில் பெண்கள் பட்ட துயரம் நாட்டையே உலுக்கிற்று. கரும்புத் தோட்டத்தில் வாடிய அப்பெண்களை எண்ணிப் பாரதியார் பாடினார்; சரோஜினி நாயுடு மேடைதோறும் முழங்கினார். 1916-இல் மாளவியா கொணர்ந்த தீர்மானத்தை அரசு கொள்கையளவில் ஏற்றது. 1917-இல் ஆள்சேர்ப்பு நின்றது. 1920 சனவரி முதல் நாள் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீங்கின. மிதவாதியரும் தீவிரவாதியரும் வேறெதிலும் இவ்வளவு ஒருமனப்பட்டதைக் காண்பது அரிது. மலாயாவில் இம்முறை 1910-இலேயே முடிந்ததும், பின்னர்க் கங்காணி முறை நீடித்ததும் நம் குடும்பங்களின் வரலாறாதலின் நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அன்பர்களே, இதுவரை பெருமிதத்தோடு பேசினேன். இனிப் பேசுவது நாணத்தோடு பேச வேண்டியது.

அம்மக்கள் ஏன் கப்பல் ஏறினர்? 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சமும், நிலமின்மையும், கடனும் பலரை விரட்டின. அவர்களுள் ஒரு சாரார் ஊர்க்கிணற்றில் நீர் மொள்ளும் உரிமைகூட இல்லாதவர். கடலுக்கு அப்பால் வெள்ளையன் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது கொதித்த நெஞ்சம், சொந்த ஊரில் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டச் சொன்னபோது கொதிக்கவில்லை. 1907-இல் தாம் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் அயோத்திதாசப் பண்டிதர் சுதேசியம் பேசியோரை நோக்கி விடாது எழுப்பிய வினாவின் சாரம் இதுவே. அவ்வினாவைத் தவிர்த்துவிட்டு இந்திய ஒற்றுமையைப் பற்றி நேர்மையாகப் பேச இயலாது.

காந்தியடிகளும் இச்சோதனைக்கு உட்பட்டார். 1915-இல் அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கிய சில திங்களில், தீண்டாதார் எனப்பட்ட ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார். உடனே பொருளுதவி நின்றது. கிணற்றில் நீர் இறைப்பதிலும் தகராறு மூண்டது. தென்னாப்பிரிக்கப் போராட்டத்திற்கு வாரி வழங்கிய நாட்டில், பக்கத்து மனிதனைச் சேர்த்ததற்காகப் பணம் மறுக்கப்பட்டது. தொலைவில் உள்ள துயரத்திற்கு இரங்குவது எளிது. அதற்கு நாம் காரணமல்லோம். அருகில் உள்ள துயரத்திற்கு இரங்குவது அரிது. அதில் நம் பங்கும் இருக்கிறது.

இதை அரசியலமைப்பை வகுத்தோர் அறிந்திருந்தனர். தீண்டாமையைப் பதினேழாம் உறுப்பும், கட்டாய உழைப்பை இருபத்துமூன்றாம் உறுப்பும் விலக்கின. அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25-இல் ஆற்றிய உரையில், அரசியலில் சமன்மையும் வாழ்வில் சமனின்மையும் நெடுங்காலம் ஒருங்கே நிலவ முடியாது என்று எச்சரித்தார். முகவுரையில் உடன்பிறப்புணர்வைக் கூறுமிடத்தில் தனிமனித மாண்பு முதலிலும், நாட்டின் ஒற்றுமை அதன் பின்னும் வருகின்றன. சொல் வரிசையிலேயே ஒரு கொள்கை இருப்பதாக நான் கருதுகிறேன். மாண்பைப் பறித்துவிட்டு ஒற்றுமையைக் கேட்பது, வேரை அறுத்துவிட்டுக் கனியைக் கேட்பதாகும்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று. 2020 மார்ச் 24 இரவு இந்தியா முழுமைக்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, நான்கு மணி நேரத்தில் நடப்புக்கு வந்தது. நகரங்களைக் கட்டியெழுப்பிய வெளியூர்த் தொழிலாளர் வேலையும் கூலியும் இழந்து, குழந்தைகளைத் தோளில் சுமந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தனர். மே 8-ஆம் நாள் விடியலில், மகாராட்டிர மாநிலம் அவுரங்காபாத் அருகே, நடந்த களைப்பால் தண்டவாளத்தில் உறங்கிய பதினாறு தொழிலாளர் சரக்கு வண்டியில் அடிபட்டு மாண்டனர். அவர்கள் வைத்திருந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன. 1913-இல் ரொட்டியோடு நடந்தவர்களை அழைத்துச் செல்ல ஒரு தலைவர் இருந்தார். இவர்களுக்கு அதுவும் இல்லை. ஆயினும், அதே சாலைகளில் சாதியும் மொழியும் கேளாது சோறும் நீரும் செருப்பும் கொடுத்து நின்றோர் பலர். நாடு எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால், அந்தச் சாலையோரத்தில் இருந்தது என்பேன்.

ஆகவே, ஒற்றுமையை அளக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. கொடிகளை எண்ண வேண்டா. விழாக்களை எண்ண வேண்டா. நம்முன் வந்து நிற்கும் எளியவனின் தலைப்பாகை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். அது இன்னும் அவன் கையில் இருந்தால் நம் பணி முடியவில்லை. அவன் தயங்கினாலும், அதைக் கட்டிக்கொள் என்று சொல்லும் கடமை நம்முடையது. அச்சொல்லைக் கடல் கடந்த மண்ணில் முதலில் கேட்டவர் ஒரு தமிழ்க் கூலி என்பதை, அவ்வழியில் வந்த நாம் மறத்தலாகாது.