கரண்டு பில்லைப் படிப்போம், பிறகு சோலார் வாங்குவோம்



வெயில் இலவசம். ஆனால் அந்த வெயிலைக் கரண்டாக மாற்றும் சோலார் தகடு இலவசம் இல்லை. அதற்குப் பணம் வேண்டும். அது நாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். எதை வாங்கினால் லாபம், எதை வாங்கினால் நஷ்டம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

போபோடியில் ஒரு அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்த வீடு. மேலே காங்கிரீட் தளம். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. ஒரு வியாபாரி வருகிறார்.

"அம்மா, 3 கிலோவாட் சோலார் போடுங்க. கரண்டு பில் பூஜ்யம் ஆகிடும். இங்கே கையெழுத்துப் போடுங்க" என்கிறார்.

அந்த அம்மா கையெழுத்துப் போடவில்லை. "பொறுங்க தம்பி, முதல்ல பில்லைப் பார்க்கிறேன்" என்றார். அதுதான் சரியான வழி.

பூனாவில் நமக்குக் கரண்டு தருவது மகாவிதரண். அதன் பில்லில் மராத்தி எழுத்து இருக்கும். பயப்பட வேண்டாம். எண்களைப் படித்தால் போதும். இந்த மாதம் எத்தனை யூனிட்? போன மாதம் எத்தனை? கோடையில் எத்தனை? 12 மாதக் கணக்கையும் கூட்டுங்கள். 12-ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் வீட்டின் மாதச் செலவு.

யூனிட் என்றால் என்ன? 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அந்த அம்மா வீட்டுக் கணக்கைப் பாருங்கள்.

9 வாட் எல்.இ.டி. பல்பு 4. தினம் 5 மணி நேரம். 180 வாட்-மணி.
75 வாட் ஃபேன் 2. தினம் 10 மணி நேரம். 1,500 வாட்-மணி.
60 வாட் டி.வி. ஒன்று. தினம் 5 மணி நேரம். 300 வாட்-மணி.
ஃபிரிட்ஜ் ஒன்று. சுமார் 1,000 வாட்-மணி.

மொத்தம் 2,980. அதாவது நாளைக்கு ஏறக்குறைய 3 யூனிட். மாதம் 90 யூனிட்.

1 கிலோவாட் சோலார் நல்ல வெயிலில் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். மழைக்காலத்தில் குறையும். சராசரியாக மாதம் 100 யூனிட் வரும். ஆக, அந்த அம்மாவுக்கு 1 கிலோவாட் போதும். 3 கிலோவாட் எதற்கு?

அரசு உதவியையும் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமரின் சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளுக்குச் சோலார் என்பது அதன் இலக்கு. 1 கிலோவாட்டுக்கு மானியம் 30,000 ரூபாய். 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். திட்டம் 2026-27 நிதியாண்டு வரை என்று அறிவித்தார்கள். ஆகவே இன்றைய நிலையை மகாவிதரண் அலுவலகத்தில் கேளுங்கள். மாநில அரசின் உதவியும் சேர்ந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

மானியம் முதலில் வராது. சோலார் பொருத்தி, அதிகாரிகள் பார்த்த பிறகுதான் வங்கிக் கணக்கில் வரும். அதுவரை முழுப் பணத்துக்கும் வழி வேண்டும். இதற்கு அரசு வங்கிகள் கடன் தருகின்றன.

இப்போது லாபக் கணக்கு. 1 கிலோவாட்டின் விலை 65,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக 35,000. மாதம் 600 ரூபாய் மிச்சம் என்றால் வருடம் 7,200. ஐந்து வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். தகடு சுமார் 25 வருடம் உழைக்கும்.

3 கிலோவாட்டின் விலை 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக 1,02,000. வீட்டுச் செலவு அதே 90 யூனிட்தான். மிச்சமும் அதே 7,200தான். பணம் திரும்ப 14 வருடம் ஆகும்! மீதிக் கரண்டு மகாவிதரணுக்குப் போகும். வருடக் கடைசியில் அதற்குக் கிடைக்கும் விலை மிகக் குறைவு. பெரிய மானியம் என்று பெரிதாக வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

பில் பூஜ்யம் ஆகுமா? முழுவதும் ஆகாது. நிலைக் கட்டணம் என்று ஒன்று உண்டு. அதைக் கட்டத்தான் வேண்டும்.

"ராத்திரி வெயில் இல்லையே?" என்று சிலர் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்கு அரிசி கைமாற்றுக் கொடுக்கிறோம். தேவைப்படும்போது திரும்ப வாங்குகிறோம். அதுபோலப் பகலில் மிஞ்சும் கரண்டு கம்பி வழியே வெளியே போகும். இரவில் திரும்ப வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலை எழுதும் மீட்டருக்கு நெட் மீட்டர் என்று பெயர். இதற்கு பேட்டரி வேண்டாம். ஆனால் ஊரில் கரண்டு போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும். அப்போதும் வேலை செய்ய பேட்டரி வேண்டும். பேட்டரிக்குச் செலவு அதிகம். அதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

இடத்தையும் பாருங்கள். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் இல்லாத இடம் வேண்டும். போபோடியில் வீடுகள் நெருக்கம். பக்கத்து மாடியின் நிழல் விழலாம். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை தளத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பம்பாய் ரோட்டுத் தூசியும் தகட்டில் படியும். வெயில் ஏறும் முன் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

தகரக் கூரை என்றால் அது பாரமும் காற்றும் தாங்குமா என்று விவரம் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வருந்த வேண்டாம். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் ஃபேன் வந்திருக்கிறது. தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் மாதம் 16 யூனிட் மிச்சம். வீடு மாறினால் ஃபேனும் கூடவே வரும். சொந்த வீட்டுக்காரர்களும் சோலாருக்கு முன் இதைச் செய்யலாம்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

1. வியாபாரியின் பெயர் அரசுப் பட்டியலில் உண்டா?
2. மானியத்துக்கு இந்தியாவில் செய்த தகடு வேண்டும். இது அப்படிப்பட்டதா?
3. தகட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் எத்தனை வருட உத்தரவாதம்?
4. ஐந்து வருடப் பராமரிப்பு காகிதத்தில் எழுதியிருக்கிறதா?
5. கொடுத்த பணத்துக்கு ரசீது உண்டா?

போனில் வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அந்த அம்மா கடைசியில் என்ன செய்தார்? வியாபாரியிடம், "1 கிலோவாட்டுக்கு விலை எழுதிக் கொடுங்க. இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். வியாபாரி எழுதிக் கொடுத்தார். அம்மா அதை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

கைநாட்டு வைத்த காலத்தில் அடுத்தவர் சொன்னதை நம்பினோம். இன்று படிக்கத் தெரியும். கூட்டவும் கழிக்கவும் தெரியும். அந்தப் படிப்பு நம் காசைக் காக்கட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் கரண்டு பில்லை எடுங்கள். 12 மாத யூனிட்டை நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து கணக்குப் போடலாம்.