அன்பளிப்பால் அடிபட்டால் கேட்க உரிமை உண்டா?

(சித்தியவானில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



தீபாவளி நெருங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான், அக்காள் தங்கைக்கு மின்சார அடுப்பு, மருமகனுக்கு கைக்கடிகாரம் என்று டவுனுக்குப் போய் வாங்கி வருவோம். வியர்வை சிந்திச் சம்பாதித்த வெள்ளியில் வாங்கும் பொருள் அது. அந்தப் பொருளே ஒருவரைக் காயப்படுத்தினால் என்ன செய்வது? இன்று அதைப்பற்றித்தான் பேசப்போகிறேன்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு என் தங்கைக்கு மின்சாரக் கெண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கைப்பிடி கழன்று, கொதிநீர் அவள் மகனின் தொடையில் கொட்டிவிட்டது. மச்சான் ஆத்திரத்தில் கெண்டியைக் குப்பையில் வீசிவிட்டார். தங்கையோ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அண்ணன் ஆசையாய்க் கொடுத்தது, சொன்னால் மனம் நோகும்” என்று மறைத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்துத் தழும்பைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். கடைக்குப் போனேன். “பொருள் எங்கே?” என்று கேட்டார்கள். கையை விரித்துக்கொண்டு திரும்பினேன். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

“வாங்கியவன் ஒருவன், அடிபட்டவன் ஒருவன். அடிபட்டவனுக்குக் கேட்க என்ன உரிமை?” என்பது பழைய வாதம். அதை உடைத்தவர் ஒரு தொழிலாளிப் பெண். ஸ்காட்லாந்து நாட்டில் பெய்ஸ்லி என்னும் ஊரில், 1928 ஆகஸ்டு 26-ஆம் நாள், கடைச் சிப்பந்தியான மே டானஹூ என்ற அம்மையாருக்கு அவருடைய சிநேகிதி இஞ்சிபீர் வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்த பின் மீதியை ஊற்றும்போது புட்டியிலிருந்து அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்றும், அதனால் நோயுற்றதாகவும் அவர் வழக்குத் தொடுத்தார். காசு கொடுத்தவர் சிநேகிதி. ஆகவே கடைக்காரரோடு அம்மையாருக்கு ஒப்பந்தம் இல்லை. என்றாலும் தயாரித்தவர் மீதே அவர் வழக்குப் போட்டார். செலவுக்குப் பணமில்லாதவர் என்பதால் ஏழை வழக்காளியாகப் பிரபுக்கள் சபை அவரை அனுமதித்தது. 1932 மே 26-இல், ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் நின்றனர். பொருளை இறுதியில் பயன்படுத்துகிறவருக்குத் தீங்கு நேராமல் காக்கும் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு என்பது தீர்ப்பு. நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பது விசாரணைக்கு வருமுன் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் அந்தச் சட்டக் கொள்கை நம் நாட்டு நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டியாயிற்று.

தோழர்களே, அந்த வழியில் ஒரு தொல்லை உண்டு. தொழிற்சாலை கவனக்குறைவாய் இருந்தது என்று நாமே காட்டவேண்டும். எங்கோ கடல் கடந்த ஊரில் நடந்ததை நாம் எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பொருளில் பழுது இருந்தது, காயம் ஏற்பட்டது, பழுதால்தான் காயம் ஏற்பட்டது: இம்மூன்றையும் காட்டினால் போதும். மக்கள் பொதுவாக எதிர்பார்க்க உரிமையுள்ள பாதுகாப்பு இல்லாத பொருள் பழுதுள்ள பொருள் என்கிறது சட்டம். எச்சரிக்கை, உபயோகிக்கும் முறை இவற்றையும் பார்ப்பார்கள்.

யார் பொறுப்பு? தயாரித்தவர், தம் பெயரை அதன்மேல் போட்டுக்கொண்டவர், வியாபாரத்துக்காக வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தவர். “யாரிடம் வாங்கினாய்?” என்று கேட்டும் கடைக்காரர் நியாயமான காலத்துக்குள் பெயர் சொல்லாவிட்டால் அவரே பொறுப்பாளி. “விற்ற பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்ற அறிவிப்புப் பலகை இந்த உரிமையைப் பறிக்காது. அன்பளிப்பாகப் பெற்றவரும் கேட்கலாம். ரசீதில் அவர் பெயர் இருக்கவேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். பலர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு ஓடுகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் நஷ்டஈடு அங்கே கிடைக்காது. பழுதான கெண்டியின் விலையைக் கேட்க நடுவர் மன்றம். வெந்த தொடைக்கு நீதிமன்றம். 100,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றமும், அதற்குமேல் பத்து லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ் நீதிமன்றமும் விசாரிக்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர் சட்ட உதவி இலாகாவில் விசாரிக்கலாம். நாள் கடத்தாதீர்கள், காலக்கெடு உண்டு.

சரி, அடிபட்ட அன்று என்ன செய்வது? முதலில் மருத்துவமனை. எந்தப் பொருளால் காயம் என்று டாக்டரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். இரண்டாவது, பொருளையோ பெட்டியையோ வீசாதீர்கள். பழுது பார்க்கவும் கொடுக்காதீர்கள். மூன்றாவது, கைப்பேசியில் படம் எடுங்கள். நான்காவது, கொடுத்தவரிடம் ரசீது வாங்குங்கள். ஐந்தாவது, இறக்குமதி செய்தவர் யார் என்று கடைக்குக் கடிதம் எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுப்பது கிராணி நண்பர்களின் கடமை.

நம் பக்கமும் தவறு இருந்தால் நஷ்டஈட்டில் குறைப்பார்கள். ஆகவே எச்சரிக்கைச் சீட்டைப் படித்து, படிக்காதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. அன்பளிப்பில் பழுது இருந்தால் அது கொடுத்தவரின் குற்றமல்ல. அன்பு கொடுத்தவருடையது, பழுது செய்தவருடையது. என் தங்கை என் மனம் நோகும் என்று வாய் திறக்காமல் இருந்தாள். அவள் அன்றே சொல்லியிருந்தால் என் மனம் ஒரு நாள் நொந்திருக்கும். பையனுக்கு நியாயம் கேட்க ஆதாரமாவது மிஞ்சியிருக்கும். வெட்கத்தால் வாயை மூடாதீர்கள். சொல்லுங்கள், கேளுங்கள், சங்கத்துக்கு வாருங்கள்.