வந்தவர்க்கு ஒரு பாய்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும், மும்பை மாநகரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் கதையைப் புரட்டிப் பார்த்தால், அம்மொழியை மீறியே நாம் வாழ்வு பெற்றோம் என்பது புலனாகும். மூன்று திங்கள், சில வேளை மூன்று ஆண்டுகள் உறவினர் இல்லத்தில் தங்கியே நம்மில் பலர் இங்குக் கால் ஊன்றினோம். அவ்வில்லத்தைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றோம்.

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் விளைவாக 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெரிசல் குறைந்த குடியிருப்புகளுக்காகத் தாதர், மாதுங்கா முதலிய பகுதிகளை வகுத்தது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலக வேலை நாடி வந்த தென்னாட்டார் மாதுங்காவில் குடியேறினர். தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் குடிசை கட்டினர். தொழில் வேறு, தெரு வேறு. எனினும் இரு சாராரும் வந்த வழி ஒன்றே. சட்டைப் பையில் ஒரு துண்டுத்தாள். அதில் மாமாவின் முகவரியோ, சிற்றப்பாவின் முகவரியோ, ஊர்க்காரர் ஒருவரின் முகவரியோ இருக்கும். அம்முகவரியே அன்று நமக்குப் பம்பாய்.

அவ்வீடு சோறும் இடமும் அளித்ததோடு நகரத்தையும் கற்பித்தது. மாதுங்கா என்னும் பெயரில் ரயில் நிலையங்கள் இரண்டு: மத்திய ரயில்வேயில் மாதுங்கா, மேற்கு ரயில்வேயில் மாதுங்கா ரோடு. வேறுபாடு அறியாதவர் பெட்டியைச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதுதான். விரைவு வண்டி எல்லா நிலையத்திலும் நில்லாது. இறங்க வேண்டிய இடத்திற்கு முன்னரே வாயிற்பக்கம் நகர்ந்துவிட வேண்டும். பஸ் கண்டக்டர் “புடே சலா” என்றால் முன்னே செல்ல வேண்டும். இவற்றையெல்லாம் இரவு உணவுக்குப் பின் மாமா சொல்லிக்கொடுத்தார். நம் இந்தியைக் கேட்டுக் கைகொட்டி நகைத்தே வீட்டுச் சிறுவர் அதனைத் திருத்தினர்.

அவ்வீடு பெரியதோ? பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் அடுக்களையுமே. நாம் கூடத்தில் பாய் விரித்த நாள் முதல் வீட்டுப் பிள்ளைகள் அடுக்களையில் உறங்கினர். 1943-இல் உணவுப் பங்கீடு வந்த பின், அட்டையில் நம் பெயர் ஏறும்வரை ஆறு பேருக்குரிய அரிசியை ஏழு பேர் உண்டோம். விடியற்காலையில் குழாயில் வரும் நீரில் நமக்காகவும் ஒரு வாளி பிடித்துவைக்க அத்தை இன்னும் முன்னதாக எழுந்தார். “இங்கேயே இருக்கட்டும்” என்று மாமா சொன்னது ஒரு சொல். அச்சொல்லை நாள்தோறும் சுமந்தவர் அத்தை. உதவிய பெரியோர் என்று நாம் மேடைகளில் போற்றுவோர் வரிசையில் அத்தைமாரின் பெயர் வருவது அரிது. அக்குறையை இன்றேனும் களைவோமாக!

தங்கியவர்க்கும் ஓர் அறம் இருந்தது. பணம் நீட்டினால் மாமா முகம் வாடும். ஆதலின் காய்கறிப் பை சுமந்தோம். ரேஷன் வரிசையில் நின்றோம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தோம். “இன்னும் இரேன்” என்று அவர்கள் சொல்லும் காலத்திலேயே விடைபெற்றுக்கொள்வது நற்பண்பு எனக் கருதப்பட்டது. அவ்வாறு பிரிந்து தனி அறை தேடிய பிரம்மச்சாரிகளுக்கு, ராம நாயக் 1942-இல் மாதுங்கா நிலையத்தருகே தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் போன்ற உணவகங்கள் இலை போட்டுச் சோறிட்டன.

காலம் மாறிவிட்டது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கின்றனர். வருகின்ற இளைஞரோ கைப்பேசியிலேயே அறை பார்த்துவிடுகின்றனர். “இனி நம்மை யார் நாடுவர்?” என்று சிலர் வினவுகின்றனர். பரேலுக்குச் சென்று பாருங்கள்! 1941-இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனையின் வாயிலில், புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பல மாநிலத்தாரும் காத்திருப்பர். மொழி அறியாத தமிழ்க் குடும்பம் ஒன்று அங்கு வந்திறங்கினால், அதற்கு மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. எந்தச் சன்னலில் சீட்டுப் பெறுவது, மருத்துவர் சொன்னதன் பொருள் என்ன என்று எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும். ஒரு வேளை ரசஞ்சோறு வேண்டும். வாடகைக்கு அறை எடுக்கும் இளம்பெண்ணுக்கும், பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதனைப் படித்துச்சொல்லும் பெரியவர் ஒருவர் வேண்டும்.

எல்லார் வீட்டிலும் பாய் விரிக்க இடம் இராது. அதனை நாம் அறிவோம். மாதத்தில் ஒரு மாலைப்பொழுது இருக்கும்; ஓர் அடுக்குப் பாத்திரச் சோறு இருக்கும்; இந்தியும் மராத்தியும் அறிந்த நா இருக்கும். தரக்கூடியதைச் சங்க ஏட்டில் ஒவ்வொரு குடும்பமும் எழுதி வைப்போமாக! அவ்வேட்டில் பெண்களின் சுமை மட்டும் கூடாதவாறு, ஆண்களும் தத்தம் பங்கை எழுதுவோமாக!

நம்மை ஏற்றுக்கொண்ட மாமாக்களிலும் அத்தைமாரிலும் பலர் இன்று இல்லை. அவர்களிடம் பட்ட கடனை அவர்களுக்கே திருப்பித் தர வழியில்லை. அடுத்து வந்து இறங்குபவரிடமே அதனைச் செலுத்த வேண்டும்.