கிணற்று நீரும் ஊர் உரிமையும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர் என்றவுடன் மும்பையும் பெங்களூரும் தில்லியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால், பெருநகரங்களின் ஆரவாரம் எதுவுமின்றி, வயலும் தோப்பும் சூழ்ந்த சிற்றூர்களில், தலைமுறை தலைமுறையாக அயல்மொழி மாநிலத்தில் வாழ்ந்து வரும் தமிழரும் பலர் உளர். பொள்ளாச்சிக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர் வட்டம் அத்தகைய நிலம். நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் எனச் செல்லும் அவ்வூர்களின் சந்தையில் நின்றால், ஒரு காதில் தமிழும் மறு காதில் மலையாளமும் ஒலிக்கும். கொங்கு நாட்டிலிருந்து சென்று குடியேறிய உழவரும், அந்நிலத்தின் தொல்குடியினரான எரவாளர், மலசர் முதலிய ஆதிவாசி மக்களும், மலையாள மக்களும் அங்கே ஒருங்கே வாழ்கின்றனர். அம்மக்கள் தங்கள் கிணற்று நீரைக் காப்பதற்காக நடத்திய ஒரு நீண்ட போராட்டத்தைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

கேரளம் என்றால் மழை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி அவ்வாறு அன்று. அது மழை குன்றிய நிலம். தென்மேற்குப் பருவமழை மற்ற கேரளப் பகுதிகளில் பொழிவது போல் இங்கே பொழிவதில்லை. கணவாயின் வழியே வீசும் வறண்ட காற்று நிலத்தின் ஈரத்தை உறிஞ்சுகிறது. சித்தூர்ப் புழையின் நீரும், பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் பங்கீட்டில் கேரளத்திற்கு உரிய நீரும், மூலத்தரை அணைக்கட்டின் கால்வாய்களும், கம்பாலத்தரை, வெங்கலக்கயம் ஆகிய நீர்த்தேக்கங்களுமே வேளாண்மைக்கு உயிர். குடிநீருக்கோ, வீட்டுக் கொல்லையில் உள்ள கிணறே பெரிதும் துணை.

கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். பாலக்காட்டுச் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. மழை நீரும் கால்வாய்க் கசிவும் மேல்மண்ணிலும், சிதைந்த பாறையடுக்கிலும், அதன் கீழுள்ள பிளவுகளிலும் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. அதனை நாம் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஏரி எனலாம். மேலே உள்ள ஏரிக்குக் கரை உண்டு, இதற்கு இல்லை. ஒருவர் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கி, பெரிய இயந்திரத்தால் இரவும் பகலும் நீரை இறைப்பாராயின், பாறைப் பிளவுகளின் வழியே அண்டை வீட்டுக் கிணற்றின் நீரும் அங்கே இறங்கிச் செல்லும். நிலத்தின் மேல் வேலி போடலாம். நிலத்தடி நீருக்கு வேலி போட இயலாது. பின்னர் நிகழ்ந்த வழக்குகள் அனைத்தின் வேரும் இந்த ஓர் உண்மையே.

நல்லேப்பிள்ளிக்குத் தெற்கே சிறிது தொலைவில், பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்னும் ஊர் உள்ளது. இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனம் அங்கே ஏறத்தாழ 34 ஏக்கர் நிலத்தில் குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஊராட்சி உரிமம் வழங்கியது. மார்ச் மாதத்தில் உற்பத்தி தொடங்கியது. ஊரில் தொழில் வருவதை ஊராட்சியும் மக்களும் வரவேற்றனர் என்பதை மறைத்தல் ஆகாது. வேலை கிடைக்கும், வரி வருவாய் பெருகும் என்ற நம்பிக்கை இருந்தது. வறண்ட நிலத்து மக்களுக்கு அந்நம்பிக்கை தவறானதும் அன்று.

ஆனால், சில திங்கள்களிலேயே கிணறுகள் மாறத் தொடங்கின. நீர்மட்டம் கீழே இறங்கியது. எஞ்சிய நீரின் சுவை கெட்டது. அந்நீரில் பருப்பு வேகவில்லை; சோறு விரைவில் கெட்டது; சோப்பு நுரைக்கவில்லை. குளித்தவர் உடல் அரிப்பதாகவும் கண் எரிவதாகவும் கூறினர். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்பது அறிவியல் நூல்கள் கூறும் செய்தி. அதனை ஆய்வுக்கூடம் கூறுவதற்கு முன்னரே அடுப்படி கூறிவிட்டது. நீரின் தன்மையை நாள்தோறும் நாவாலும் கையாலும் சோதித்து அறிபவர் பெண்களே அல்லரோ? ஆகவே, முதற்குரல் எழுப்பியவரும் பெண்களாகவே இருந்தனர். அண்மையில் நீர் இல்லாமையால், கூலி வேலைக்குச் செல்ல வேண்டிய பொழுதில் குடத்தைச் சுமந்து தொலைவிலுள்ள கிணறுகளை நாடி நடந்தவர் அவர்களே.

2002ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், தொழிற்சாலை வாயிலுக்கு எதிரே ஒரு பந்தலின் கீழ் மக்கள் அறப்போராட்டம் தொடங்கினர். வயநாட்டு ஆதிவாசித் தலைவியான சி. கே. ஜானு அதனைத் தொடங்கி வைத்தார். அப்பந்தலின் முகமாக விளங்கியவர், எரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா என்னும் அம்மையார். பள்ளிப் படிப்பும் செல்வமும் இல்லாத அவர், தம் கிணற்று நீரைக் கையில் ஏந்தி, இதனைக் குடித்துப் பாருங்கள் என்று வந்தவர்களை அழைத்தார். எத்துணைப் பெரிய வழக்கறிஞரும் இதனினும் வலிய சான்றைக் காட்டியிருக்க இயலாது. அவர் 2007ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். அவர் தம் வாழ்வைச் சொல்லக் கேட்டு எழுதிய நூல் மலையாளத்தில் வெளிவந்து, தமிழிலும் பெயர்க்கப்பட்டது.

தொடக்கத்தில் இப்போராட்டத்திற்குத் துணை குறைவு. பெரிய கட்சிகள் தயங்கின. தொழிற்சாலையில் வேலை பெற்றவர்கள் தங்கள் பிழைப்பு போய்விடுமே என்று எதிர்த்தனர். மழை குறைந்ததே நீர் வற்றியதற்குக் காரணம் என்றும், தங்கள் செயலால் கேடு விளையவில்லை என்றும் நிறுவனம் கூறியது. அந்த ஆண்டுகளில் மழை குறைந்தது உண்மையே. எனினும், மழை குறைந்த காலத்தில் நீரைப் பெருமளவில் இறைப்பது, பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்து ஊருக்கு வெளியே விற்பதைப் போன்றதன்றோ என்று மக்கள் கேட்டனர்.

நீர் குறைந்தது ஒரு துன்பம். நிலம் மாசுற்றது மற்றொரு துன்பம். தொழிற்சாலையின் கழிவுச் சேறு, உரம் என்ற பெயரில் உழவர்களுக்கு வழங்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு ஜூலையில், இங்கிலாந்தின் பி.பி.சி. வானொலி அச்சேற்றை எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்து, அதில் காரீயமும் காட்மியமும் இருப்பதை வெளியிட்டது. ஒரு வானொலி நிகழ்ச்சி பிளாச்சிமடையின் பெயரை உலகறியச் செய்தது என்பதை, வானொலி நேயர்களாகிய நாம் மகிழ்வோடு நினைக்கலாம். பின்னர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையிலும் காட்மியம் காணப்பட்டது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுப்பது; காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுப்பது. உரம் என்று நம்பி வயலில் இட்டவருக்கு இவை தெரிந்திருக்க வழி இல்லை.

இங்கே பெருமாட்டி ஊராட்சியின் செயல் நம் கருத்தைக் கவர்கிறது. உரிமம் தந்ததும் அந்த ஊராட்சியே. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனைப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானித்ததும் அந்த ஊராட்சியே. உலகின் பல நாடுகளில் கிளை பரப்பிய ஒரு நிறுவனத்தின் முன், சில ஆயிரம் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கிராம ஊராட்சி நின்று, இந்நீர் எங்கள் மக்களுக்கு உரியது என்று கூறியது. வழக்கு கேரள உயர்நீதிமன்றம் சென்றது. 2003ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பு வழங்கினார். நிலத்தடி நீர் பொதுச் சொத்து. அரசு அதற்கு அறங்காவலர் போன்றது. 34 ஏக்கர் நிலமுடைய ஓர் உழவர் தம் தேவைக்கு எடுக்கக்கூடிய அளவு நீரையே நிறுவனமும் எடுக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆயினும் நீதியின் பாதை நேராக அமையவில்லை. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில், அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறு கருத்தைக் கூறியது. சட்டம் தடை செய்யாதவரை நிலத்துக்கு உரியவர் நீரை எடுக்கலாம் என்று கொண்டு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. ஊராட்சி உச்சநீதிமன்றத்தை நாடியது. இதற்கிடையே, வறட்சியை முன்னிட்டு அரசு விதித்த கட்டுப்பாட்டை அடுத்து 2004ஆம் ஆண்டு மார்ச் மாதமே உற்பத்தி நின்றிருந்தது. 2005ஆம் ஆண்டு நவம்பரில் சித்தூர்ப் பகுதி, அளவுக்கு மீறி நிலத்தடி நீர் எடுக்கப்பட்ட பகுதி என அறிவிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஜூலையில், அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் உச்சநீதிமன்றத்தில் கூறியது. அத்துடன் வழக்கு முடிந்தது. நீர் எவருக்கு உரியது என்ற கேள்விக்கோ, உச்சநீதிமன்றத்தின் விடை கிடைக்காமலே போயிற்று.

ஆலையின் வாயில் மூடப்பட்டதால் கிணறு தூய்மையாகிவிடுமா? இழந்த விளைச்சலும் உடல்நலமும் திரும்பி வருமா? கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, வேளாண்மை இழப்பு, நீர்நிலைக் கேடு, உடல்நலக் கேடு, கூலி இழப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு, மொத்தச் சேதம் 216 கோடியே 26 லட்சம் ரூபாய் என்று 2010ஆம் ஆண்டு மார்ச்சில் அறிக்கை தந்தது. அதனைப் பெற்றுத் தருவதற்கென ஒரு தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்ட அம்மசோதா, ஆண்டுகள் பல கழிந்தபின், ஒப்புதல் பெறாமலே திரும்பியது. போராட்டத்தின் முற்பகுதி வெற்றி பெற்றது, பிற்பகுதி நிறைவேறவில்லை. மயிலம்மாவோடு பந்தலில் அமர்ந்தவர்களுள் பலர் முதுமை எய்திவிட்டனர்.

இத்தகைய துன்பம் பிளாச்சிமடைக்கு மட்டுமே நேர்ந்தது என்று கருத வேண்டா. தமிழகத்தின் கொடைக்கானல் மலையிலும், ஒரு வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவை எதிர்த்து மக்கள் திரண்டனர். 2001ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. சுற்றுலா செல்வோர் படகு விடும் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் கலந்திருப்பதை, 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒன்று மலைமேல் உள்ள ஏரி. மற்றொன்று மண்ணுக்குள் உள்ள ஏரி. இரண்டிலும் ஆலை மூடிய பின்னும் நஞ்சு எளிதில் நீங்குவதில்லை. நீரைக் கெடுக்கச் சில ஆண்டுகள் போதும். அதனைத் திருத்த ஒரு தலைமுறையும் போதாது.

நேயர்களே, தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது நம் முன்னோர் பழமொழி. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். நீரைப் போற்றும் மரபு நமக்குப் புதிதன்று. ஆனால், பிழைப்பின் பொருட்டு அயல் மாநிலத்தில் வாழும் நம்மிடையே ஓர் எண்ணம் மெல்ல வளர்வதுண்டு. இது நம் ஊரன்று. இவ்வூரின் ஏரி கெட்டால் நமக்கென்ன, இவ்வூரார் பார்த்துக்கொள்வர் என்ற எண்ணமே அது. பெங்களூரில் பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கித் தீப்பற்றியபோது, அந்த நச்சுக் காற்று கன்னடர் வீடு, தமிழர் வீடு என்று பார்த்து நுழையவில்லை.

பிளாச்சிமடையில் ஆதிவாசிகளின் பேச்சில் தமிழ் கலந்திருந்தது. ஊராட்சியின் தீர்மானம் மலையாளத்தில் எழுதப்பட்டது. வழக்கு ஆங்கிலத்தில் நடந்தது. வேண்டியது ஒன்றே: நல்ல கிணற்று நீர். மொழி பற்றிய வழக்குகள் எழக்கூடிய எல்லைப் பகுதியில், நீரைப் பற்றிய வழக்கில் எல்லாரும் ஓரணியில் நின்றனர். அவர்கள் நமக்குக் காட்டும் வழி இது.

நாம் வாழும் இடத்தின் வார்டுக் கூட்டத்திலோ ஊராட்சிக் கூட்டத்திலோ நமக்கும் இடம் உண்டு. நம் குழாயில் வரும் நீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, அதன் கரையில் எந்த ஆலை இருக்கிறது, அதன் கழிவு எங்கே செல்கிறது என்று கேட்டறிதல் நம் கடமை. உள்ளூர் மொழியைச் சிறிது கற்று, அண்டை வீட்டாரோடு சேர்ந்து கேட்டல் இன்னும் நன்று. எந்த ஊரின் நீரைப் பருகி நம் குழந்தைகள் வளர்கின்றனரோ, அந்த ஊர் நம் ஊரே. அதன் கிணற்றையும் ஏரியையும் காக்கும் பொறுப்பில் நமக்கும் சம பங்கு உண்டு.