வீரனுக்கு எத்தனை பெயர்!
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர் அறிவுரை சொல்வது வழக்கம். பயப்படாதீர்கள், நான் சொல்லப் போவதில்லை. ஆங்கிலப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சொற்களைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும்.

செலாயாங்கில் என் பக்கத்து வீட்டுப் பையன், ஐந்தாம் வகுப்பு, போன மாதம் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், சோல்ஜர், வாரியர், ஃபைட்டர், நைட்... நாலுக்கும் இதுல வீரன்னே போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு சார் நாலு சொல்லு?" என்றான்.

நல்ல கேள்விதான். 'சோல்ஜர்' என்ற சொல்லை உரித்துப் பாருங்கள், உள்ளே இருப்பது காசு! ரோமாபுரியில் 'சோலிடஸ்' என்றொரு பொற்காசு இருந்தது. அது பிரெஞ்சு மொழியில் சம்பளம் என்று பொருள்பட்டு, சம்பளத்துக்குப் போரிடுபவன் சோல்ஜர் ஆனான். 'வாரியர்' போர் செய்பவன், அவ்வளவே. அந்தச் சொல் காசைப் பற்றிப் பேசாது. கவசம் போட்டுக் குதிரைமேல் வருகிறாரே 'நைட்', அவர் கதை இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பையன், வேலைக்காரன் என்று பொருள். அதற்கு உறவான ஜெர்மன் சொல் இன்றைக்கும் ஏவலாளைத்தான் குறிக்கிறது. நம் போலீஸ் நிலையத்து 'சார்ஜன்'கூட, லத்தீனில் ஊழியன் என்ற சொல்லில் பிறந்தவர்தான். (இதை அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்!)

நம் தமிழிலும் அப்படி ஒரு சொல் உண்டு. கம்பர் இராமனையே 'சேவகன்' என்கிறார். வீரன் என்று பொருள். வடமொழியில் ஊழியனாக இருந்தவன் தமிழுக்கு வந்து வீரனானான். இன்று மறுபடியும் ஊழியனாகிக் கைகட்டி நிற்கிறான், பாவம்!

மலாய் மொழி பல வாசல்களிலிருந்தும் வீரர்களை அழைத்து வந்திருக்கிறது. 'அஸ்கார்' அரபு. 'பஹ்லவான்' பாரசீகம். 'பெர்விரா'வுக்குள் இருப்பது நம் 'வீர'னே. ஹங் துவாவின் பட்டமான 'லக்சமானா', இராமனின் தம்பி இலக்குவன் பெயர்.

இன்னொன்று சொல்ல வேண்டும். காலாட்படையை ஆங்கிலத்தில் 'இன்ஃபன்ட்ரி' என்பார்கள். இத்தாலிய மொழியில் இளைஞன் என்ற சொல்லிலிருந்து வந்தது. குழந்தைக்கான 'இன்ஃபன்ட்' அதற்கு உறவு. இந்திய இராணுவத்தில் 'ஜவான்' என்பார்கள், அதுவும் இளைஞன்தான். நம் சங்க நூல்களில் வரும் 'மழவர்' வீரர்கள். மழ என்றால் இளமை என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஒன்றுக்கொன்று கலந்து பேசாத மொழிகள் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன, பாருங்கள். சண்டைக்கு அனுப்பப்பட்டது எங்கும் பிள்ளைகள்தாம்.

அப்படிப் போன ஒரு பிள்ளை எங்கள் வீட்டிலும் உண்டு. என் பெரியத்தை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். 1943-இல் நேதாஜி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையைத் தொடங்கியபோது பதினேழு வயதில் போய்ச் சேர்ந்தார். டாக்டர் லட்சுமி அந்தப் படையின் தலைவி. நம் கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பன் அடுத்த நிலையில் இருந்தவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள்.

இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்களை பிரிட்டிஷ் இராணுவம் 'ஜிஃப்' என்று எழுதியது. ஜப்பான்காரன் தூண்டிவிட்ட ஐந்தாம் படை என்பதன் சுருக்கம். போர் முடிந்து லயத்துக்குத் திரும்பியபோது அத்தைக்குப் 'பட்டாளத்துக்காரி' என்று பெயர். அதைக் கேலியாகச் சொன்னவர்களும் உண்டு. பட்டாளம் என்பதே ஐரோப்பியரிடம் வாங்கிய சொல்தான்.

கல்லூரியில் ஆங்கிலம் படித்த திமிரில் ஒருநாள் கேட்டேன், "அத்தை, நீங்க சோல்ஜரா, வாரியரா?"

வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "அந்த இங்கிலீசெல்லாம் எனக்குத் தெரியாதுடா. அங்க எங்களை 'ராணி'ன்னு கூப்பிட்டாங்க. அதுக்கு முந்தி யாரு என்னை அப்படிக் கூப்பிட்டா? தண்டல் 'ஏய்'ம்பான்."

படையில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் 'ராணி' என்பதே பெயர். நான் படித்த எந்த அகராதியிலும் அந்தச் சொல்லுக்கு எதிரே போர்வீரர் என்ற பொருள் இல்லை.

தம்மோடு பயிற்சி எடுத்த தோட்டத்துப் பெண்களின் பெயர்களை அத்தை வரிசையாகச் சொல்வார். நான் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. 1998-இல் அவர் காலமானார். ஆகவே இங்கே அமர்ந்திருப்பவர்களையும் இம்மலரைப் படிக்கும் உங்களையும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ, உறவிலோ அப்படி ஒரு ராணி இருந்தாரா? அவர் பெயர், இருந்த தோட்டம், ஒரு புகைப்படம், எது கிடைத்தாலும் பள்ளி நூலகத்தில் கொடுங்கள். அதற்கென்று ஒரு தடித்த நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இப்போதைக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.